'சரிங்க' என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள்: மலையக வைத்தியசாலைகளில் பணியாற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டப்புறங்களை அண்டிய அரச வைத்தியசாலைகளில் பணியாற்றும் வைத்தியர்களுக்கும், தாதியருக்கும், மருந்தாளர்களுக்கும், சிற்றூழியர்களுக்கும், அவர்களுடைய பணியை நிருவகிக்கும் மாகாண சுகாதாரத் திணைக்கள அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளருக்கான வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்து, தோட்டப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. சிங்களம் பேசவும் எழுதவும் தெரியும் என்ற ஒரே தகுதியினால், ஓய்வுக்குப் பிறகு எனக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. "டீச்சர், நாளைக்கு அம்மாவுக்கு கிளினிக். கொஞ்சம் கூட வர்றீங்களா?" என்று முதல் நாள் இரவே யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அப்படிக் கூடப் போய், உங்கள் வெளிநோயாளர் பிரிவுகளிலும் கிளினிக் வாங்குகளிலும் விடுதிக் கட்டில்களின் தலைமாட்டிலும் நான் கண்டதையும் கேட்டதையும் கொண்டே இந்த மடலை எழுதுகிறேன். எந்த வைத்தியசாலையையும் எந்த உத்தியோகத்தரையும் பெயர் குறித்துக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. நான் சொல்லப்போவது ஓரிடத்துக்கு மட்டும் உரிய குறையாக இருந்திருந்தால், அங்கேயே ஒரு முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

என் தாயாரிடமிருந்தே தொடங்குகிறேன். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். நெடுநாளாகச் சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுப்பவர். ஒரு மாதம் என்னால் கூடப் போக முடியாமல், பக்கத்துக் காம்பராப் பெண் ஒருத்தியுடன் கிளினிக்குக்குப் போய் வந்தார். அடுத்த முறை இரத்தம் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை அவர் சரியாகவே நினைவில் வைத்திருந்தார். குறித்த நாளில் விடியுமுன் எழுந்து, ஒரு வாய் சாயத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல், வழக்கமான மாத்திரையை மட்டும் பச்சைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, மலைக் குறுக்குப் பாதையில் இறங்கி, பஸ் பிடித்து, இலக்கத் துண்டை வாங்கிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பத்தரை மணி வரையில் அவருடைய இலக்கம் வரவில்லை. அதற்குள் உடம்பெல்லாம் வேர்த்து, கைகால் வெடவெடத்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பேச ஆரம்பித்திருக்கிறார். வரிசையில் இருந்தவர்களில் ஒருவர் பயத்தில் உளறுகிறார் என்றாராம். இன்னொருவர், வரும் வழியில் ஏதோ அண்டியிருக்கும் என்று துன்னூறு (திருநீறு) பூசச் சொன்னாராம்.

அந்த வழியாகத் தள்ளுவண்டியுடன் போன ஒரு சிற்றூழியர், சிங்களம் மட்டுமே பேசும் ஒரு நடுத்தர வயதுப் பெண், வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து என் தாயாரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு தன்னுடைய பிளாஸ்கைத் திறந்து, மூடியில் சாயத்தை ஊற்றி, மூன்று கரண்டி சீனியைக் கலந்து, அவருடைய தாடையைப் பிடித்துக் குழந்தைக்குப் புகட்டுவது போலப் புகட்டியிருக்கிறார். எனக்குத் தொலைபேசியில் செய்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது, என் தாயார் எழுந்து உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது.

கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்து, இரத்தத்திலுள்ள சீனியை இறக்கிக்கொண்டே போகும். உங்களுக்குப் பாலபாடமான இந்த விடயம் எனக்கு அன்றுதான் தெரிய வந்தது. கடமையிலிருந்த இளம் வைத்தியர் சற்றுக் கோபமாகவே என்னிடம் கேட்டார்: "சாப்பிடாமல் வரும் நாளில் மாத்திரை போடக் கூடாது என்று போன முறை சொல்லித்தானே அனுப்பினோம்?" நான் திரும்பி அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "சொல்லியிருப்பாங்க. நான் 'சரிங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்," என்றார்.

அந்த வைத்தியர் பொய் சொல்லவில்லை. என் தாயாரும் பொய் சொல்லவில்லை. சொன்னவர் சொல்லிவிட்டார், கேட்டவர் 'சரிங்க' என்றுவிட்டார், கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியும் எழுதியாயிற்று. ஆனால் சொல்லப்பட்ட சங்கதி மட்டும் இருவருக்கும் நடுவில் இருந்த மேசையிலேயே கிடந்துவிட்டது. இந்த மடலில் நான் உங்கள் முன் வைக்க விரும்புவது இந்தச் 'சரிங்க'வைப் பற்றித்தான்.

தோட்டத்து மக்களின் வாயில் இந்தச் சொல் எப்படி ஏறியது என்பதை வெளியிலிருந்து வந்த உங்களில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கோப்பிக் காலத்தில் இந்த மலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட நாள் தொட்டு, விடியற்காலையில் வேலைக்கு ஆளைப் பிரித்துவிடும் பெரட்டுக்களத்தில் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் முன்னால் நின்று பதில் சொல்லியே வளர்ந்த சமூகம் இது. அங்கே 'விளங்கவில்லை' என்று சொல்வது எதிர்த்துப் பேசுவதற்குச் சமமாக இருந்தது. கேள்வி கேட்பவனுக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாளின் வேலையும் கூலியும், போகும். ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைச் சொன்னாலும் முதலில் 'சரிங்க' என்று சொல்லிவிட்டு, வெளியே வந்த பிறகு, "என்னதான் சொன்னாரு?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்துக்கொள்வது எங்களுக்குப் பழகிப்போன தற்காப்பு. உங்கள் மேசையும் மேசைதான். அதற்குப் பின்னால் வெள்ளைக் கோட்டும் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயும் வேறு இருக்கின்றன.

தோட்டத்தில் வைத்தியத்தின் வரலாறும் இதற்குத் துணைபோயிருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதிக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது உண்மை. ஆனால் வேலைக்கு ஆளைத் திடமாக வைத்திருப்பதே அந்த ஏற்பாட்டின் உள்நோக்கமாக இருந்தது என்பதைச் சொல்ல வரலாற்றாசிரியர் தேவையில்லை. எங்கள் தாத்தாமார் சொன்ன கதைகளே போதும். தோட்டத்து டிஸ்பென்சர் மருந்து கொடுப்பவராக மட்டுமின்றி, இது மெய்க் காய்ச்சலா பொய்க் காய்ச்சலா என்று தீர்ப்புச் சொல்பவராகவும் இருந்தார். அவர் துண்டு கொடுத்தால் காம்பராவில் படுக்கலாம். கொடுக்காவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டும். ஆகவே வைத்தியருக்கு முன்னால் போகும்போது நோயைச் சொல்வதைவிட நோயை நிரூபிப்பதே எங்கள் முன்னோரின் கவலையாக இருந்தது. இன்றும் ஒரு கிழவி உங்கள் முன் உட்கார்ந்ததும் வேண்டாத அளவுக்கு முனகினால், "நடிக்கிறாள்" என்று தாதியிடம் சிரித்துக்கொண்டு சொல்லுமுன், அவள் யாருக்கு முன்னால் முனகப் பழகினாள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

கட்டடமும் வண்டியும் இல்லாத குறை முன்னைப்போல் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் காசு வாங்காத அம்புலன்ஸ் வருகிறது. 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. சட்டமும் எங்களுக்குக் குறைவில்லை: 1956இல் சிங்களம் மட்டும் என்றிருந்தது, 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழி என்றாகி, அடுத்த ஆண்டே 16ஆவது திருத்தத்தால் நிருவாக மொழியும் ஆனது. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகள் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, அதன் பின் சேரும் அரச உத்தியோகத்தர் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. இவ்வளவும் இருக்கும்போதுதான் என் தாயார் வாங்கில் வேர்த்துக் கிடந்தார்.

நோயும் மாறிவிட்டது. குளவி கொட்டி, ஒரு மலையில் கொழுந்து பறித்தவர்கள் எல்லோருமே வந்து இறங்கும் நாளில் உங்களுக்கு எங்கள் பேச்சு அதிகம் தேவைப்படாது. வீங்கிய முகத்தைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், செய்பவரும் நீங்களே. சீனியும் பிரஷரும் அப்படிப்பட்டவை அல்ல. நீங்கள் மாதத்தில் ஒரு நாள் நான்கு நிமிடம் பேசுகிறீர்கள். மீதி நாட்களிலெல்லாம் வைத்தியம் பார்ப்பவள் அந்தக் கிழவிதான். எந்த மாத்திரையை எப்போது போடுவது, எதை எப்போது விடுவது, காலில் கொப்புளம் வந்தால் எத்தனை நாளைக்குள் வருவது என்று தீர்மானிப்பதெல்லாம் அவள். அவளுக்குச் சங்கதி போய்ச் சேராவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுத்த மருந்து லயத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான்.

மொழி என்று வரும்போது, சிங்களமா தமிழா என்ற கேள்வியோடு விடயம் முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நான் கண்ட வரையில் அது தொடக்கம் மட்டுமே. ஓர் இரவு ஒரு தாய் இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "புள்ளைக்கு இழுக்குதுங்க," என்றாள். எங்கள் பேச்சில் 'இழுப்பு' என்பது மூச்சு இழுத்து நெஞ்சு விசிலடிப்பதையும் குறிக்கும். கைகால் வெட்டி இழுத்து வலிப்பு வருவதையும் குறிக்கும். மொழிபெயர்த்த பையன் இரண்டாவதைச் சொல்லிவிட்டான். அன்றைய தாதி, நல்லவேளையாக, பிள்ளையின் சட்டையைத் தூக்கி விலா உள்ளே குழிவதைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஒரு நொடியில் சங்கதி தெளிந்தது. 'மயக்கம்' என்பதும் அப்படியே: தலை கிறுகிறுப்பதும் மயக்கம், நினைவு தப்பி விழுவதும் மயக்கம். நெஞ்சு காந்துவது ஒன்று, நெஞ்சை அடைப்பது வேறொன்று. இரண்டையும் 'நெஞ்சு வலி' என்று ஒரே கோட்டில் எழுதினால், ஒருவருக்குத் தேவையில்லாமல் ஈசிஜி எடுப்பீர்கள், மற்றவருக்கு வயிற்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவீர்கள்.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் தமிழ் வைத்தியர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நீங்கள் வந்தால் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் "சத்தி எடுத்ததோ?" என்று கேட்கும்போது எங்கள் பாட்டி, தனக்குச் சத்து இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்து, "அதெல்லாம் இல்லைங்க, ஒடம்புல ஒண்ணுமே இல்ல," என்கிறாள், எங்களுக்கு அது வாந்தி. "எங்கை நோகுது?" என்றால் வயதானவர்கள் சற்றுத் திகைப்பார்கள், 'எங்க வலிக்குது' என்றால் உடனே கையை வைத்துக் காட்டுவார்கள். இவை சிறு விடயங்கள்தான். ஒரு வாரம் காதைக் கொடுத்துக் கேட்டால் பழகிவிடக்கூடியவை.

இரண்டாம் மொழித் தேர்ச்சிக்கென உத்தியோகத்தர்களுக்குப் படிப்பிக்கப்படும் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. முயன்று தமிழ் படித்த ஒரு சிங்கள வைத்தியர், மிகுந்த மரியாதையுடன், "தாங்கள் எவ்விதமான உபாதையினால் பாதிக்கப்பட்டுள்ளீர்கள்?" என்று ஒரு முதியவரைக் கேட்டதை நான் நேரில் கண்டேன். முதியவர் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க," என்றார். படிப்பித்தவர் மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. பரீட்சையில் சித்தியடைவதற்கான தமிழை விட்டுவிட்டு, உங்கள் மேசைக்கு முன்னால் நாள்தோறும் வந்து விழும் நாற்பது ஐம்பது சொற்களைப் படிப்பித்தால் போதும். அத்துடன் 'ங்க' என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்க, உக்காருங்க, சொல்லுங்க. தமிழை வாயால் மட்டும் பழகிய உத்தியோகத்தர் பலர், தெரியாமலே, அறுபது வயதுக்காரரை "வா, உக்காரு, வாயைத் திற" என்கிறார்கள். தமிழ் பேசும் ஊழியர் சிலர் நன்றாகத் தெரிந்தே அப்படிச் சொல்கிறார்கள். அது வேறு கதை.

பிள்ளைகளை வைத்து மொழிபெயர்ப்பதை நீங்கள் நிறுத்தியே ஆக வேண்டும். பதின்மூன்று வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பெண்ணை நான் வரிசையில் சந்தித்தேன். அவளுக்கு மாதக்கணக்காகப் பெரும்பாடு, அதாவது அளவுக்கு மீறிய மாதவிலக்குப் போக்கு. முகம் வெளுத்து, கண்ணிமை காகிதம் போல இருந்தது. பையன் நகரத்துப் பாடசாலையில் படிப்பதால் சிங்களம் சரளம். வைத்தியர் கேட்க, பையன் தாயைப் பார்க்க, தாய் தரையைப் பார்த்தாள். "வயித்து வலின்னு சொல்லுப்பா," என்றாள் கடைசியில். அவனும் அதையே சொன்னான். வயிற்று வலிக்கு மருந்து எழுதப்பட்டது. அவர்கள் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் நான் அவளைப் பிடித்துத் திரும்ப உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். பையனை வெளியே நிறுத்திவிட்டுப் பேசிய அந்த மூன்று நிமிடங்களில் அவள் பேசியது, ஒரு வருடத்துக்குப் போதுமானது. அன்று நான் அங்கே இருந்தது தற்செயல்.

கிளினிக் திகதி தவறியவர்களைத் திட்டுவது பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கோபத்தில் அக்கறையும் கலந்திருக்கிறது என்பதை அறிவேன். ஆயினும், 2021இல் ஆயிரம் ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்த நாட்கூலியை நம்பி அரிசி வாங்கும் ஒரு வீட்டில், கிளினிக்குக்குப் போகும் நாள் என்பது ஒரு பேர் இல்லாத நாள். கொழுந்து மிகும் மாதங்களில் அந்தப் பேரை விடுவது இன்னும் கடினம். 'ஏன் வரவில்லை?' என்பதைக் கேள்வியாகக் கேட்டால் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிய வரும். வசையாகக் கேட்டால் அடுத்த மாதமும் அவள் வரமாட்டாள். கைவைத்தியக் கசாயம் குடித்ததையும், பூசாரியிடம் போய் நூல் கட்டியதையும், பக்கத்து வீட்டுக்காரியின் மாத்திரையைக் கடன் வாங்கிப் போட்டதையும் எங்கள் ஆட்கள் உங்களிடம் ஒளிப்பதும் திட்டுக்குப் பயந்துதான். அவற்றில் சில மருந்தோடு மோதும் என்பதால், ஒளிக்காமல் சொல்வது உங்களுக்கே அதிகம் தேவை. எங்கள் பக்கத்துக் குற்றம் இதில் இல்லையென்று நான் வாதாடவில்லை. கிளினிக் கொப்பியைப் பிள்ளை படம் வரையக் கொடுத்துவிட்டு வருபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1980களில் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு அரசே பணம் கொடுத்த காலத்தில், என் சித்தி ஒரு படிவத்தில் கைநாட்டு வைத்தார். அது எந்த மொழியில் இருந்தது என்பது அவருக்கு இன்றும் தெரியாது. "கொஞ்ச வருசத்துக்குத்தான்னு நெனச்சேன், அப்புறம் அவுத்து விட்டுருவாங்கன்னு," என்று பிற்காலத்தில் என்னிடம் சொன்னார். அவரிடமும் யாரோ விளக்கியிருப்பார்கள். அவரும் 'சரிங்க' என்றிருப்பார். இன்று ஓர் இளம் தாய் உங்கள் படிவத்தில் ஒப்பமிடத் தயங்கினால், அவளுக்குப் படிப்பில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அவள் என் சித்தியைப் போன்ற ஒருவரிடம் வளர்ந்தவளாக இருக்கலாம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடியும் முன்பே வரிசை வாசலைத் தாண்டி வீதிவரை நிற்பதையும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததையும், பல வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதையும், இருப்பவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்வதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் 1984இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் செய்த ஆய்வொன்று, நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாகப் 18 நொடிகளில் வைத்தியர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டது. அங்கே வரிசை இவ்வளவு நீளமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆகவே குறுக்கிடுவதற்குக் காரணம் நேரம் மட்டுமாக இருக்க முடியாது. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற வைத்தியர் தாமே புற்றுநோயாளியாகிக் கட்டிலில் கிடந்தபோது, தம்மைத் தொடுபவர்கள் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்பதைக் கவனித்தார். "வணக்கம், என் பெயர் இன்னது" என்று சொல்லித் தொடங்குமாறு 2013இல் அவர் தொடங்கிய இயக்கம், 2016இல் அவர் மறைந்த பின்னும் பல நாடுகளில் நடக்கிறது. பெயரைச் சொல்ல இரண்டு நொடி போதும். எங்கள் ஆட்களுக்கு உங்கள் பெயர் தெரியாததால்தான், "அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர்", "செவத்த டாக்டர்" என்று அடையாளம் சொல்லித் தேடுகிறார்கள்.

நான் கேட்பதில் முதன்மையானதும் அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்காததே. 'விளங்கியதா?' என்று கேட்காதீர்கள். அதற்கு எங்களிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதற்குப் பதிலாக, "வீட்டுக்குப் போனதும் மகள் 'டாக்டர் என்ன சொன்னாரு'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். சிங்களத்தில் கேட்டு ஒருவர் தமிழாக்கினாலும் பரவாயில்லை, பதில் தமிழில் வந்து திரும்ப உங்கள் காதுக்கு வந்து சேரட்டும். சொன்னது பிசகியிருந்தால், "நான் சரியாகச் சொல்லவில்லை போல, இன்னொரு முறை சொல்கிறேன்," என்று பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எங்கள் மனிதர்களை எவ்வளவு தூரம் நிமிர்த்தும் என்பதை நீங்கள் செய்து பார்த்துத்தான் அறிய முடியும்.

மாகாண அதிகாரிகளிடம் கேட்பது வேறு. ஒவ்வொரு வைத்தியசாலையிலும், காலை வெளிநோயாளர் பிரிவும் கிளினிக்கும் நடக்கும் நேரத்துக்காவது, இரு மொழியும் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு நியமியுங்கள். உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் நிற்கும் எங்கள் பெண் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போதும். காதில் விழுந்ததை வெளியே பேசாமல் இருப்பதற்கும், சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதற்கும் சில வாரப் பயிற்சி கொடுத்தால் சரி. இன்று அந்த வேலையைப் பக்கத்துக் கட்டில் நோயாளியும், காவலாளியும், என்னைப் போன்ற கிழட்டு டீச்சர்மாரும் செய்கிறோம். மருந்து உறையில் சூரியனையும் நிலாவையும் சாப்பாட்டுத் தட்டையும் அச்சிட்டு, தேவையானதைச் சுழித்துக் கொடுப்பதற்குப் பெரும் செலவாகாது. எழுத்தறியாதவருக்கும் எந்த மொழிக்காரருக்கும் அது விளங்கும். ஒப்பமிடும் படிவம் எதுவாயினும் தமிழிலும் இருக்க வேண்டும் என்பதைக் கோரிக்கையாகக்கூட நான் எழுதத் தேவையில்லை. அது ஏற்கெனவே சட்டம்.

அண்மையில் ஒரு நாள், மருந்து வழங்கும் யன்னலில் ஓர் இளம் மருந்தாளர், யாரும் சொல்லாமலே, என் தாயாரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அரைகுறைத் தமிழில், "அம்மா, இது எப்போ போடுறது? நீங்க சொல்லுங்க," என்றார். அம்மா வழக்கம்போல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் யன்னலுக்குள்ளிருந்து கையை ஆட்டி, "டீச்சர் வேணாம், அம்மா சொல்லுங்க," என்றார். அம்மா மூன்று உறைகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். இரவு போட வேண்டிய ஒன்றைக் காலையில் என்று சொல்லிவிட்டார். மருந்தாளர் அந்த உறையை வாங்கி, பேனாவால் ஒரு நிலாவை வரைந்து கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அம்மா, "என்னையச் சொல்லச் சொன்னாங்க பாத்தியா," என்று இரண்டு தடவை சொன்னார்.

நோயாளர் வாயில் வரும் சொற்களை, சிங்களப் பொருளோடு, எழுபது பக்கக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். இழுப்பு, காந்தல், குடைச்சல், மதமதப்பு, பெரும்பாடு என்று இதுவரை நூற்றுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. பிரதி எடுத்துக்கொள்ள விரும்பும் எந்த வைத்தியசாலைக்கும் தருவேன்; வாரத்தில் இரண்டு காலைகள் வந்து உட்காரவும் ஆயத்தமாக இருக்கிறேன். அம்மாவுக்கு அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. கொப்பியைக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி,
நுவரெலியா மாவட்டம்.